பயணப்படியில் வாங்கிய குரல்

எங்கள் தொண்டு நிறுவனத்துக்குப் போன வருட பட்ஜெட்டைப் போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது, நீ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

உக்கடத்தில் ஒரு மாடியில் மூன்று அறைகள், அதுதான் அலுவலகம். சூலூரைச் சுற்றியுள்ள தறிக்குடோன்களில் வேலை செய்கிறவர்களில் காசநோய் வந்தவர்கள், ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. மாத்திரையை அரசாங்கம் சும்மாவே கொடுக்கிறது. அதை விழுங்க வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறினாற்போல் இருக்கும், மாத்திரையோ குமட்டும். அங்கேதான் நிறுத்துவார்கள். நிறுத்தினால் நோய் திரும்பி வரும், வந்தால் பழைய மாத்திரைக்கு அடங்காது.

இதைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஒரு அக்கா இருந்தார். கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் மகள் ஒருத்தி. காலையில் பஸ் ஏறிப் போய் வீடு வீடாக நடப்பார். எங்கள் பக்கத்தில் யார் என்ன விசாரித்தாலும் முதல் பதில் ‘நல்லா இருக்கறமுங்க’தான். காய்ச்சலில் கிடந்தாலும் அதுதான். வீடு தேடி வந்து கேட்கிறவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அக்கா அந்தப் பதிலைக் காதில் வாங்கவே மாட்டார். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். கரண்ட் எத்தனை மணிக்குப் போகிறது, சின்னது பள்ளிக்கூடம் போகிறதா என்று பேசுவார். காப்பி வரும். காப்பியைக் குடித்துவிட்டு, “எங்க கண்ணு, அந்த மாத்திர அட்டைய எடுத்துட்டு வா, பாக்கலாம்” என்பார். அட்டையில் எத்தனை குழி காலி என்று எண்ணிப் பார்த்துத்தான் நோட்டில் எழுதுவார்.

எங்களுக்கு நன்கொடை தரும் கம்பெனி, இந்த முறை புதுமை ஏதாவது இருந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டது. எங்கள் செயலாளர் மில் நடத்தி ஓய்ந்த பெரியவர், கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஏனுங்க அம்மணி, இந்த ஏஐ, ஏஐங்கறாங்களே, அதுக்குன்னு ஒரு தலைப்பு போட்டுருங்க. அதுவே எல்லாத்துக்கும் போன் பண்ணி, மாத்தர சாப்டீங்களான்னு கேட்டு எழுதிக்குதாமா.”

“அதுக்குப் பணம் எதுலீங்க எடுக்கறது?”

“பயணப்படி எதுக்குங்க இனி? பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட்டே இல்லியே. அந்தம்மா சம்பளத்தையும் சேத்துப் பாருங்க.”

பஸ் சும்மாதான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளூருக்கு ஷேர் ஆட்டோக்காரன் சும்மாவா ஏற்றுவான்? வெயிலில் நாலு ஊர் நடக்கிறவள் மத்தியானம் எதைச் சாப்பிடுவாள்? எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் வந்தது இவ்வளவுதான்: “செரிங்க, செஞ்சுபோடலாமுங்க.”

கமிட்டிக் கூட்டத்திலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன் பேசும் அந்த ஏஐ கருவியை விற்கிற கம்பெனி ஓர் உறுப்பினரின் சம்பந்தி வீட்டுடையது. சொந்தத்தில் போய் விலையைக் குடைவது மரியாதையா? வெங்காய பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மாதச் சந்தா தனி, பேசும் நிமிடத்துக்குத் தனி, எல்லாவற்றுக்கும் மேல் வரி என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. தறிச் சத்தத்தில் பேச்சு புரியாமல் அந்தக் கருவி ஒரே வீட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டது. மூன்றுக்கும் நாங்கள்தான் காசு கட்டினோம்.

இனி வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. “அதனால என்னங்க கண்ணு, நீங்க பாத்துச் செஞ்சா செரியாத்தான் இருக்கும்” என்றார். முகம் மாறவே இல்லை. நோட்டை மேசைமேல் வைத்தார். எந்த வீட்டில் யாரைக் கேட்க வேண்டும், யார் மாத்திரையைப் பரண்மேல் ஒளித்து வைக்கிறார்கள் என்று வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

“சூலூர்ல அந்தத் தறி ஓட்டற புள்ள ஊட்டுக்கு மட்டும் யாராச்சும் நேர்ல போங்க கண்ணு. ரெண்டாம் மாசம். வாந்தி வாந்தியா எடுக்குது. இப்பத்தான் நிறுத்தும்.”

“நான் போறனுங்கக்கா” என்றேன்.

போகவில்லை. என்ன காரணம் சொன்னாலும் அது காரணமாகாது. நோட்டையாவது கருவிக்குள் ஏற்றிவிடலாமா என்று அதை விற்ற கம்பெனியைக் கேட்டேன். பக்கத்துக்கு இவ்வளவு ஆகும் என்றார்கள். பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பு இல்லை. நோட்டை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

கருவி நன்றாகத்தான் பேசியது. இளம்பெண் குரல், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசியது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்று பதில் வந்தால் திரையில் அந்தப் பெயருக்கு நேராகப் பச்சை விழும். மாதக் கடைசியில் பார்த்தால் திரை முழுக்கப் பச்சை. அக்காவின் நோட்டில் பாதி வீடுகள் தகராறாகவே இருந்தன. ஒரே மாதத்தில் எப்படி எல்லாரும் உத்தமர்களாகிவிட்டார்கள் என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படவும் செய்தேன், வாயைத்தான் திறக்கவில்லை. செயலாளர் அதைப் படம் எடுத்து நன்கொடைக் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கிருந்து பாராட்டி எழுதினார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் ஓர் ஆள் மாடியேறி வந்தார். மழித்த தலையில் முள்முள்ளாக முடி முளைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சூலூர் என்றார். தறி ஓட்டும் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்.

“இங்கிருந்து ஒரு பாப்பா போன் பண்ணுமுங்க. அதைப் பாத்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“என்ன சொல்லோணுங்க? எங்கிட்டச் சொல்லுங்க.”

“ஊட்டுல தவறிப்போயிட்டாங்க. இருவது நாளாச்சுங்க. அந்தப் பாப்பா இன்னும் கூப்புட்டு, மாத்தர சாப்டறாங்களாங்குது. அவ்வளவு மரியாதையாப் பேசற புள்ளகிட்ட, போன்ல எப்படீங்க இதச் சொல்றது? அதுக்கு மனசு ஒடஞ்சு போயிருமில்லீங்க. சாப்டறாங்க, நல்லா இருக்கறாங்கன்னே சொல்லிப்போட்டேன். அது தப்புன்னு பட்டுதுங்க. அதான் நேர்ல வந்தேன்.”

மேலே விசாரித்தேன். முன்பும் போனை அவரேதான் எடுப்பாராம். மனைவி மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்தியது அவருக்குத் தெரியும். மெனக்கெட்டு விசாரிக்கிற பெண்ணிடம் குறை சொல்வானேன் என்று, சாப்பிடுகிறாள் என்றே சொல்லி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மாத்திரை எதற்கும் கேட்காத கட்டத்துக்கு நோய் போய்விட்டிருந்தது. அது பாப்பா இல்லை, மெஷின் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

“நான் சொல்லிடறனுங்க அந்தப் பாப்பாகிட்ட” என்றேன். கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். திரையில் அவர் மனைவி பெயருக்கு நேராக, முந்தின நாள் தேதியில் பச்சை இருந்தது.

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை ‘செரிங்க’ என்று நிறுத்தவில்லை, கத்தியே சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டார், பாவம். பிறகு சொன்னார்: “அடுத்த வருசத்துக்கும் பணம் தர கம்பெனிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. இப்பப் போயி இதச் சொன்னா மொத்தத்தையும் நிறுத்திப்போடுவாங்க. அந்தம்மாவயே திருப்பிக் கூப்புடுங்க. சம்பளம் போட வழியில்ல, சேவையா வந்து பாக்கச் சொல்லுங்க.” அடுத்த பட்ஜெட்டில் கருவிக்கான தொகை கூடியிருக்கிறது. அக்காவின் வரியில் நான் பூஜ்யம் போட்டேன். ஆமாம், அதையும் நானேதான் போட்டேன்.

பிறகு அக்காவுக்கு போன் செய்தேன். சூலூர்ப் பெண்ணைப் பற்றிச் சொல்லத்தான் எடுத்தேன். அவர் குரலைக் கேட்டதும் வாய் தானாக வேறு கேட்டது.

“எப்படி இருக்கறீங்கக்கா?”

பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. அக்கா வீட்டில் தறி கிடையாது. எங்கோ கூலிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு இருமல். போனை விலக்கிப் பிடித்து இருமினார். மறுபடியும் ஒரு இருமல்.

“எனக்கென்னங்க கண்ணு, நல்லா இருக்கறனுங்க. ஒரு கொறையும் இல்லீங்க.”

“செரிங்கக்கா, ஒருநாளைக்கு ஊட்டுக்கு வாரனுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். சூலூர்ப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் போகவில்லை.