மலேசியாவைப் பற்றி நான் பேசிய பதினோரு நிமிடங்கள்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்ததுதான் என்னை மலேசிய நிபுணனாக்கியது. மலிவான டிக்கெட் என்பதால் சென்னையிலிருந்து உலகத்தைத் தப்பான பக்கமாகச் சுற்றி நியூ ஜெர்சிக்கு வந்தவன் நான். இதை ஏதோ ஒரு பிறந்தநாள் விருந்தில் உளறியிருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சங்கத்தில் மாதம் ஒரு நாட்டைப் பற்றிப் பேச்சு வைத்தார்கள். முந்தைய மாதம் இலங்கை. அது சட்டைக் காலரைப் பிடிப்பதில் முடிந்தது.

"இந்த மாசம் யாருக்கும் கோவம் வராத நாடா வேணும் சார்" என்றார் செயலாளர் போனில். "மலேசியா. நீங்கதான் அங்க இருந்திருக்கீங்களே. ஜியாகிரபி, ஹிஸ்டரி, பாலிடிக்ஸ் எல்லாம் லைட்டா கவர் பண்ணிடுங்க."

'இருந்திருக்கீங்களே' என்பதை நான் திருத்தவில்லை. அதுவரை என்னை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. அலுவலகத்தில் ஒரு கலைக்களஞ்சிய சிடி இருந்தது. அதைப் படித்து, ப்ரொஜெக்டரில் காட்டுவதற்காகப் பிளாஸ்டிக் தாளில் ஒரு வரைபடமும் வரைந்தேன்.

ஞாயிறு மதியம், ஈஸ்ட் பிரன்ஸ்விக் நூலக அறையில் நாற்பது பேர். முன்வரிசையில் நான் பார்த்திராத ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும்.

"கோலாலம்பூர் ஓர் அழகிய துறைமுக நகரம்" என்று ஆரம்பித்தேன். சிடியில் அப்படி இல்லை. விமானம் இறங்கும்போது கடல் தெரிந்ததே என்று நானாகச் சேர்த்தது.

அந்த அம்மாள் கையைத் தூக்கினார். "மன்னிக்கணும் தம்பி. கே.எல்.ல கடல் இல்ல. ரெண்டு ஆறு சேர்ற சேத்து எடம். பேருக்கே அதான் அர்த்தம்."

"பக்கத்துலதாங்க கடல்..."

"காடியில போனா ஒரு மணி நேரம்."

காடி என்றால் எனக்குத் தெரிந்து புளித்த கஞ்சி. அங்கே அது கார் என்று பிறகு தெரிந்தது. அவர் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

நான் அரசியலுக்குத் தாவினேன். ஒரே அரச குடும்பம் ஆள்வதாகச் சொன்னேன்.

"ஒம்போது குடும்பம் தம்பி. அஞ்சு வருசத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சு ராசாவா இருப்பாங்க."

"நம்ம சங்கத்துலயும் அப்படி ரொட்டேட் பண்ணலாமே" என்றது பின்வரிசை. பத்து வருடமாகத் தலைவராக இருந்தவர் கூரையைப் பார்த்தார்.

பதினோராவது நிமிடம், வரைபடத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்த பேனாவை அவரிடம் நீட்டினேன். "நீங்களே பேசிடுங்க அக்கா."

அவர் பேனாவை வாங்காமல் பேசினார். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். "அங்கயே பொறந்தவர்தான். ஆனா பொறந்ததுக்குக் காயிதம் இல்ல. குடியுரிமைக்கு எழுதிப் போட்டாரு. சாவுற வரைக்கும் செவப்பு அட்டைதான்."

"செவப்பு அட்டைன்னா?" என்றார் செயலாளர்.

"நீ இங்க இருக்கலாம், ஆனா இந்த ஊர்க்காரன் இல்லன்னு அர்த்தம். உங்ககிட்ட பச்சையா இருக்குல்ல, அது மாதிரி."

 எங்களில் பாதிப் பேர் வக்கீல் வைத்து கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள்; அந்தப் பச்சையும் இல்லை. என்னிடமும் இல்லை.

"எவ்ளோ வருஷம் வெயிட் பண்ணார்?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"முப்பத்தோரு வருசம்."

"லாயர் சரியில்லையா ஆன்ட்டி?"

முதலில் சிரித்தவர் அந்த அம்மாள்தான். பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மானம் போன வேகத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து அதைப் பிரித்துப் பார்த்தார்.

"பாதி நாட்டக் காணோமே தம்பி."

கடலுக்கு அந்தப் பக்கம் போர்னியோ தீவில் சபா, சரவாக் என்று இரண்டு பெரிய மாநிலங்கள். தாளில் இடமில்லை என்று விட்டிருந்தேன். இப்போது பேனாவை வாங்கினார். தாள் போதாமல், வடை வைத்திருந்த மேசைமேல் விரித்த காகிதத்திலேயே தொடர்ந்து வரைந்தார். நான் வடையைத் தின்றபடி பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மனைவியோடு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மலேசியாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கள் மெடிக்கல் இன்ஷூரன்சில் எதற்கெல்லாம் பணம் வரும், எதற்கு வராது என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். அதுவும் எனக்குத் தப்பாகத்தான் தெரிந்திருந்தது.