மறுபக்கம் குத்திய குண்டூசி

அந்த அலுவலக வளாகத்தில் அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நகரத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாகக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் வளாகம் அது. அதன் வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டுக்கட்டடம் போல ஒரு தாழ்ந்த கட்டடம். முதல் கடை அவளுடையது, இரண்டாவது ஜெராக்ஸ் அண்ணனுடையது. நடுவில் ஒரே சுவர். யாராவது ஒருவர் சுவரைத் தட்டினால் டீ நேரம் என்று அர்த்தம்.

அவள் புதுத் துணி தைப்பதில்லை. நீளமான பேன்ட்டைக் குறைப்பாள், இறுக்கமான சட்டையைப் பிரித்து விடுவாள், அறுந்த ஜிப்பை மாற்றுவாள். "பதவி உயர்வு வந்தா இவங்களுக்கு இடுப்பும் உயருது. எனக்கு எதுக்குக் கவலை?" என்பாள்.

கடைக்கு எதிரே வேன் நிறுத்தம். தூரத்து ரயில் நிலையத்திலிருந்து ஊழியர்களை ஏற்றி வரும் வேன்களில் ஒன்றை ஓட்டுபவர் அவள் கணவர். மதியம் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுச் சாப்பிடுவார். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் எங்கே செய்வது, எல்லாம் அந்த ஸ்டூலில் வைத்துத்தான் முடிவானது. வீட்டில் இருவருக்கும் தூங்கத்தான் நேரமிருந்தது.

இந்த நிலையில்தான் ரயிலே வளாகத்துக்குள் வரப்போகிறது என்றார்கள். கார் நிறுத்துமிடத்தில் ரயில் நிலையம். அதை ஒட்டி ஒரு நீளக் கட்டடம்: கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், ஒரு முனையில் வீடுகள்.

வீடுகள் என்றதும் அவளுக்குத் தலை சுற்றியது. சாயங்காலம் ஆனால் நாய்கூடத் தங்காத இடம் இது. இங்கே ஒரு குழந்தை அழுது அவள் கேட்டதில்லை. திட்ட அலுவலகத்தின் வாசலில் மாட்டியிருந்த பெரிய படத்தில் குழந்தைகள் பலூன் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், பெரியவர்கள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி அப்படிப் பாக்குற? சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்றார் ஜெராக்ஸ் அண்ணன்.

"இல்லண்ணே. இந்தப் படத்துல ஒருத்தருக்குக்கூட பேன்ட் நீளமா இல்ல. எல்லாருக்கும் அளவு சரியா இருக்கு. நான் அங்க போய் என்ன பண்ண?"

தாழ்ந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதற்குப் பதிலாக இருவருக்கும் புதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு கடை. எது வேண்டும் என்பதை அவர்களே சொல்லலாம். திட்ட அலுவலகச் சுவரில் கடைகளின் வரிசை வெறும் கட்டம் கட்டமாக வரைந்திருக்கும், விருப்பமான கட்டத்தில் குண்டூசி குத்த வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி. ஒரு முனையில் ரயில் படிக்கட்டு, மறுமுனையில் வீட்டுக்காரர்களின் படிக்கட்டு. தப்பான முனையில் உட்கார்ந்தால் மிஷினில் தூசி தட்டிக்கொண்டு காலத்தைக் கழிக்க வேண்டியதுதான். அவள் யோசனையெல்லாம் அந்த ஒரு குண்டூசியில் வந்து நின்றது.

"ரயில் பக்கம் எடு. இதுல என்ன யோசனை?" என்றார் கணவர், சோற்றைப் பிசைந்தபடி.

"ரயில் வந்தா உங்க வேன்?"

"அதை அப்புறம் பாக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து முழுகணுமா என்ன?"

யோசித்துப் பார்க்க, பின்பக்கமும் கோடு தெரியும் மெல்லிய தாளில் கோடுகள் மட்டும் போட்ட ஒரு வரைபடத்தைக் கொடுத்திருந்தார்கள். எழுத்தே இல்லை, ரயில் தடத்துக்கு மட்டும் தடித்த கோடு. அதை வெட்டும் மேசையில் விரித்து வைத்து நாள் முழுக்கப் பார்த்தாள். ரயில் வருவது இடது முனையில். வெள்ளிக்கிழமை காலையில் போய், இடது முனையின் கடைசிக் கட்டத்தில் குண்டூசியைக் குத்திவிட்டு வந்தாள். அவள் விவரமானவள் என்ற நம்பிக்கையில் ஜெராக்ஸ் அண்ணன் பக்கத்துக் கட்டத்தில் தன்னுடையதைக் குத்தினார்.

மதியம், திட்டம் போடும் பெண் கடைக்கே வந்துவிட்டாள். வயதில் சின்னவள்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவள் மேடம்.

"அக்கா, நீங்க ரயில் பக்கம்தானே கேட்டுட்டு இருந்தீங்க? வீட்டுப் பக்கம் குத்தியிருக்கீங்க?"

ஊசி அக்கா மேசையைக் காட்டினாள். மேடம் தாளைக் குனிந்து பார்த்தாள், எடுத்துத் திருப்பிப் போட்டாள். தடித்த கோடு வலப்பக்கம் போய்விட்டது.

"கவுத்துப் போட்டிருக்கீங்கக்கா."

ஊசி அக்கா தன் கையைப் பார்த்தாள். துணியில் கோடு போடுவது எப்போதும் உள்பக்கத்தில்தான். மேசையில் எது விழுந்தாலும் கை தானாகவே அதைக் கவிழ்த்துப் போடும். தாளையும் அப்படியே போட்டிருக்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நல்லா இருக்கு. உன்னை நம்பி நானும் போய்க் குத்தினேன் பாரு."

"சாயங்காலம் வரைக்கும் மாத்திக்கலாம்," என்றாள் மேடம்.

மாற்றிவிட வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, மேடத்தைக் கூட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். கணவரும் கை கழுவின ஈரத்தோடு பின்னால் வந்தார்.

"ரயில் படிக்கட்டு இங்கதான் வரும்," என்றாள் மேடம், ஒரு காரின் பக்கத்தில் நின்று.

அங்கே நின்று பார்த்தாள். காலையில் தாமதமாகிவிட்டது என்று ஓடுவார்கள், சாயங்காலம் ரயில் போய்விடும் என்று ஓடுவார்கள். ஓடுகிறவன் எங்கே நின்று பேன்ட்டைக் கழற்றிக் கொடுப்பான்?

மறுமுனைக்குப் போனார்கள். வெறும் புல்தரை.

"வீடெல்லாம் எப்ப மேடம் வரும்?"

"ரெண்டாவது கட்டத்துல."

"ரெண்டாவது கட்டம் எப்ப?"

"முதல் கட்டம் முடிஞ்சதும்," என்ற மேடம் கொஞ்சம் தயங்கினாள். "எனக்கே சரியா தெரியாதுக்கா. இந்த வருஷமே மூணு தடவை மாத்திட்டாங்க. வேன் நிறுத்தத்தை இந்த முனைக்கு மாத்தினதை மட்டும் அப்படியே விட்டிருக்காங்க."

"எந்த வேன்?"

"ரயில்ல வந்து இறங்குறவங்களைப் பின்பக்கத்து ஊர்களுக்குக் கூட்டிட்டுப் போற வேன். இப்போதைக்குப் படத்துல இருக்கு."

"படத்துல இருக்குற வேனை யார் ஓட்டுறான்னு கேளு," என்றார் கணவர்.

ஊசி அக்கா சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தன் கைராசியால்தான் கடை ஓடுகிறது என்று நினைத்திருந்தாள். இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. வேனுக்குக் காத்து நிற்கும்போதுதான் மனிதர்கள் தங்கள் சட்டையைக் குனிந்து பார்க்கிறார்கள். பட்டன் தொங்குவது அப்போதுதான் கண்ணில் படுகிறது. எதிரே அவள் கடை. கடை ஓடியது கைராசியாலா, வேனாலா?

வேன் வந்தால் இந்த முனை. வராவிட்டால் புல்தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த முனையில் கூட்டம் நிச்சயம், நிற்பார்களா என்பதுதான் நிச்சயமில்லை.

திட்ட அலுவலகத்தில் ஜெராக்ஸ் அண்ணன் முன்னமே தன் குண்டூசியைப் பிடுங்கி ரயில் முனையில் குத்தியிருந்தார். "ஓடுறவனுக்கும் ஜெராக்ஸ் வேணும் தங்கச்சி. நீயும் வா, பக்கத்துக் கட்டம் காலியாத்தான் இருக்கு."

அவள் குண்டூசியைத் தொட்டாள், பாதி இழுத்தாள். காத்து நிற்கிற முகங்களைத்தான் அவளுக்குத் தெரியும், ஓடுகிறவர்களின் முதுகை அல்ல. திரும்ப அதே ஓட்டையில் அழுத்தினாள்.

"இருக்கட்டும் மேடம். கை வச்ச இடத்துலயே இருக்கட்டும்."

"நிச்சயமாவாக்கா?"

"நிச்சயமெல்லாம் இல்ல. ஆனா இதுதான்."

அண்ணன் அவளோடு கடைக்குக் கிளம்பினார். திரும்பும்போது, "அங்க சுவரைத் தட்டினா யாருக்குக் கேக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

கடையில் ஒரு கறுப்பு பேன்ட் காத்திருந்தது. உள்பக்கம் திருப்பிப் போட்டு, சாக்குக்கட்டியை எடுத்தாள். கை அப்படியே நின்றது. பேன்ட்டை மறுபடி வெளிப்பக்கம் திருப்பினாள், பார்த்தாள், மீண்டும் உள்பக்கம் திருப்பினாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் கணவர், வேன் சாவியை எடுத்தபடி.

"எது இடது கால்னு பாக்குறேன்."

"ரெண்டு காலையும்தானே குறைக்கணும்?"

"ஆமாங்க," என்றாள். ஆனாலும் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டாள்.