எங்கள் பெயரைக் கேட்டு வந்தவர்

பொன்மலை வீட்டின் முன்னறையில், அயர்லாந்திலிருந்து வந்த மனிதர் படம் எடுப்பதற்காகச் செல்போனைத் தூக்கிய நொடியில், என் மாமனார் குடும்ப ஆல்பத்தைப் பட்டென்று மூடினார். விருந்தாளியின் கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. "ஸாரி" என்றவர் மாமனார் அல்ல, வந்தவர்தான். மாமனார் ஆல்பத்தை உருவி நாற்காலியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவரை நினைத்தால் முதலில் எனக்கு வருவது அந்தக் காட்சிதான்.

அவரை எல்லோரும் டாடி என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். நான் புத்தூரில் வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண். அவர் மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனவள். பெண் கேட்டு வந்த அன்றே என் அப்பாவிடம், "எங்க தாத்தாவோட அப்பா ஐரிஷ்காரருங்க, ரயில் டிரைவர்" என்று ஆரம்பித்துவிட்டார். பால்காரருக்கும் அது தெரியும், கேபிள்காரருக்கும் தெரியும். வாயில் சரியாக நுழையாத அந்தக் குடும்பப் பெயரைத் தவிர அவருக்குப் பெருமையடிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. அதனால், அதே பெயருள்ள ஒருவர் அயர்லாந்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பி, "இந்தியாவுக்குப் போய்த் திரும்பாத என் கொள்ளுத்தாத்தாவின் தம்பியைப் பற்றித் தேடுகிறேன், உங்களைப் பார்க்க வரலாமா?" என்று கேட்டபோது, டாடி துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"நூறு வருஷமா இல்லாத சொந்தம் இப்ப எதுக்கும்மா முளைக்குது?" என்றார். "திருச்சிக்கு வர்ற வெள்ளைக்காரன் ஸ்ரீரங்கம் கோபுரத்தப் பார்ப்பான், மலைக்கோட்டை ஏறுவான். இவன் என் கல்யாண போட்டோவப் பார்த்து என்ன பண்ணப் போறான்?"

எனக்கும் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். காய்கறிக்காரர் தராசைக்கூட இரண்டு தரம் பார்க்கிறவள். அந்த மனிதர் வந்து இறங்கியதும் டாடியும் நானும் கூட்டுக் களவாணிகள் மாதிரி ஆகிவிட்டோம். அவர் கேள்வி கேட்டால் டாடி என்னைப் பார்ப்பார், நான் உடனே "டீ போடட்டுமா?" என்பேன். வந்தவரோ பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசினார், என் மீன் குழம்பை மூக்கில் நீர் வழியச் சாப்பிட்டார். இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்பதே எனக்கு இடித்தது.

இரண்டாம் நாள் அவர் ஒரு காகிதத்தை மேசையில் விரித்தார். இந்திய மாதாகோயில் பதிவுகளின் நகல்களைத் தன் ஊரிலிருந்தே தேடி எடுத்தாராம். டாடியின் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு அது. பெற்றோர் என்ற இடம் காலி. பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத் தகப்பன் என்ற இடத்தில் அந்த ரயில் டிரைவரின் பெயர். பெற்ற அப்பாவே பிள்ளைக்கு ஞானத் தகப்பனாக நிற்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அயர்லாந்தும் கத்தோலிக்க ஊர்தான், அவருக்கு மட்டும் தெரியாதா? தெரிந்துகொண்டே ஏன் சிரித்துப் பேசுகிறார்? கிழவரின் வாயாலேயே சொல்ல வைத்து, எங்கள் பெயர் எங்களுக்குச் சொந்தமில்லை என்று நிரூபித்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது. அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டாடியைப் பார்த்தேன். அவர் அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. இந்த விஷயம் அவருக்குப் புதிதல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

வந்தவர் கிளம்புகிற நாள் காலையில், ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, டாடியே பேச்சை எடுத்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். "எங்க தாத்தா அந்த டிரைவருக்குப் பிறந்தவர் இல்ல. அவர் வீட்டுல சமைச்சவரோட பிள்ளை. காலராவுல அப்பாவும் போயிட்டார், அம்மாவும் போயிட்டாங்க. டிரைவர் தூக்கி வளர்த்தார், ஞானத் தகப்பனா நின்னு தன் பேரையும் கொடுத்தார். உங்க ரத்தம் எங்ககிட்ட ஒரு சொட்டுகூட இல்ல. நீங்க தேடி வந்தது வீண்." ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த கதையை மருமகள் முன்னால் தானே உடைத்துப் போட்ட மனிதரை எந்தப் பக்கம் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் தலையசைத்தார். "தெரியும். டிக்கெட் எடுக்கும் முன்னாடியே தெரியும்" என்றார்.

"பின்னே எதுக்கு வந்தீங்க?" என்று நான்தான் கேட்டேன். கொஞ்சம் கத்தியேகூடக் கேட்டிருப்பேன்.

அவர் என்னைப் பார்க்காமல் டாடியிடம் சொன்னார். "அந்த டிரைவரோட அம்மா சாகிறவரைக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம். அது எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா வருது. பதிவுல இறந்த தேதி இருக்கு, காய்ச்சல்னு காரணம் இருக்கு. அவர் சாகிறப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களாங்கிற அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தப் பதிவுலயும் பதில் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தாத்தா இருந்தாரு" என்றார் டாடி. "தாத்தா மடியிலதான் டிரைவர் தலை. வாயில கடைசித் தண்ணி ஊத்தினதும் அவருதான். எங்க ஊர்ல அதை மகன்தான் செய்யணும். உயிர் போறப்ப அம்மான்னு கூப்பிட்டாராம்."

அந்தப் பெரிய மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டாடி எழுந்து போய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

டாடியும் போய்ச் சேர்ந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. அந்த ரயில் டிரைவரைப் பற்றி அவர் சொன்ன கதைகளை வரி பிசகாமல் என்னால் சொல்ல முடியும். அத்தனை தரம் கேட்டிருக்கிறேன். மடி, தண்ணீர், அம்மா என்ற அந்தக் கதையை மட்டும் அன்றைக்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. வந்தவர் டிரைவரின் அம்மாவைப் பற்றிச் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் டாடியின் கதையில் அந்த அம்மா வந்துவிட்டாள். அதற்குப் பிறகும் டாடியோடு ஒரே வீட்டில்தான் இருந்தேன். தினமும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தோம். எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற நான், அது நிஜம்தானா என்று அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.