தம்பி சொன்ன தீர்ப்பு

நான் மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி ஏரியில் இறால் பிடிப்பவன். எங்கள் இருவரில் பொறாமைப்பட வேண்டியவன் அவன்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பட்டது நான்.

முன்சீப்பாகச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு முன்னால் சிவப்புப் பட்டை போட்ட டவாலி நடந்தான். நான் உள்ளே வந்தால் கூடம் முழுக்க எழுந்து நிற்கும். அந்தச் சுகம் கொஞ்ச நாள்தான். எழுந்து நிற்பவர்கள் யாரும் என்னோடு உட்கார மாட்டார்கள் என்பது பிறகு புரிந்தது. டீக்கடையில் நிற்கக் கூடாது. வக்கீல் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிடக் கூடாது. அக்கம்பக்கத்தாரிடம் அதிகம் பேசக் கூடாது. ஒரு ஊர் பழகுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். அந்தந்தக் கோர்ட்டு நீதிபதிகளின் பெயர்ப்பலகையில் ஒரு வரிதான் மிச்சம்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர்களும் அப்படித்தான் கல்லில் பெயரை வெட்டிவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்கள். லீவில் வரும்போதெல்லாம் அவர்கள் கல்லறையைத் தாண்டித்தான் எங்கள் கிராமத்துக்குப் படகு பிடிக்கப் போவேன். அந்தக் கற்களைப் பார்த்தால் என் பெயர்ப்பலகைகள் ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கும்.

இதற்குள் தம்பி ஊர்த் தலைவன் ஆகியிருந்தான். கைலியோடு, செதில் ஒட்டிய கையோடு, கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசுவான். வலை அறுந்த தகராறோ, பெண்டாட்டியை அடித்த தகராறோ, காலையில் வந்தால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். மறுநாள் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே படகில் போவார்கள். என் கோர்ட்டில் தாத்தா போட்ட வரப்பு வழக்குக்குப் பேரன் வாய்தா வாங்கிக்கொண்டிருப்பான். நான் வார்த்தை வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எழுதிய தீர்ப்பின் நகலை வாங்கிய கையோடு தோற்றவன் அப்பீலுக்குப் போவான். கீழ்க் கோர்ட்டு சாட்சியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மேலே எழுதுவார்கள். தம்பிக்கு மேலே கோர்ட்டே கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருமுறை பொறுக்க முடியாமல், "உன் பஞ்சாயத்துக்குச் சட்டத்துல மதிப்பே இல்ல, தெரியுமா?" என்று கேட்டேவிட்டேன்.

"அப்டியாண்ணா? நல்லவேள, இங்க யாருக்கும் தெரியாது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு வேறு என் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

ஓய்வு பெற்றதும் மனைவியோடு கிராமத்துக்கே வந்துவிட்டேன். ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு சீட்டு. அரசாங்கச் சம்பளத்துக்குப் போகிறவன் பெயரை எடுத்துவிடுவார்கள். என் பெயரை அப்படித்தான் எடுத்தார்கள். சம்பளம் நின்றுவிட்டதே, மறுபடி சேர்க்க வேண்டியதுதானே என்பது என் கட்சி. இறாலுக்காக இல்லை. ஏதாவது ஒரு ஊர் என்னைத் தன் ஆள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டுப் போடும் நாளில் கோயில் முன்னால் ஊர் கூடியது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் நின்றேன், தீர்ப்பு சொல்கிறவன் உட்கார்ந்திருந்தான். எடுத்த எடுப்பிலேயே ஒரு முட்டாள்தனம் செய்தேன். "தலைவர் என் கூடப் பிறந்தவர். இதை அவர் விசாரிக்கக் கூடாது" என்று கோர்ட்டு முறைப்படி ஆட்சேபித்தேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இன்னாண்ணா நீ? அப்டி பாத்தா இந்த ஊர்ல எவன் பஞ்சாயத்த எவன் பேசறது? எல்லாம் மாமன் மச்சான்தான?" என்றான் தம்பி.

பிறகு நான் பேசியதை முழுக்கக் கேட்டான். பக்கத்தில் இருந்தவர்களோடு கலந்துகொண்டான். என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "நைனா நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் வளத்தாரு. ஆனா ஏரியில ஒண்ணும் வுழாத மாசத்துலயும் உன் வூட்ல உல கொதிக்குது. பென்ஷன் வருது. கொதிக்காத வூட்டுக்குத்தாண்ணா பாடு. உன் பேரு சீட்டுல வராது."

பின்னால் ஒருவன், "ஐயா நாளைக்கே பொன்னேரி கோர்ட்டுல ஸ்டே வாங்கிடுவாரு, பாரு" என்று முணுமுணுத்தான்.

வாங்கியிருப்பேன். என்ன மனு, எந்த வாசகம் என்பதெல்லாம் எனக்கு விரல்நுனியில். ஒரே ஒரு தடை உத்தரவு போதும், அந்த வருஷச் சீட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு தோற்கிறவன் எல்லாம் பொன்னேரிக்குப் பஸ் ஏறுவான். தம்பி உட்கார்ந்த மணலுக்கு மரியாதை இருக்காது. இது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கு அது இனித்தது.

எங்கள் ஊரில் தோற்றவன்தான் தட்டிலிருந்து முதல் வெற்றிலையை எடுக்க வேண்டும். எடுத்தால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். தம்பி தட்டை நீட்டினான். நான் அவனைக் கொஞ்ச நேரம் காக்கவைத்தேன். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். சீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு நடக்கையில் தம்பி பின்னாலேயே வந்தான்.

"கோவமாண்ணா?"

"கோவம் இல்லடா. பொறாம."

"எம்மேலயா? நான் ஜெயிச்சிட்டன்னுட்டா?"

"அதுக்கில்ல" என்றேன். "இன்னிக்கி நான் தோத்த மாதிரி தோக்கறவன், எங் கோர்ட்டுல ஒருத்தன்கூட எனக்குக் கெடைக்கலடா."