சோன்பாயின் கொள்ளிக்கண்

உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே கூரையின் கீழ் தூங்குகிறவர் மீது உங்களுக்குப் பொறாமை வந்ததே இல்லையா? இல்லை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். சோன்பாய்க்கு வந்தது. கட்டின புருஷன் மீதே வந்தது. அதை அவள் ஒளித்துக்கூட வைக்கவில்லை.

குஜராத்தின் கட்ச் பகுதியில், காந்திதாமிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ரண்மல் சேட்டின் லாரிப் பட்டறை இருக்கிறது. உப்பளங்களில் உப்பு ஏற்றும் லாரிகள் மழைக்கு முன்னால், அந்த ஊர் வருஷப்பிறப்பான ஆஷாடி பீஜ் பண்டிகை நெருங்கும்போது, அங்கே வந்து வரிசை கட்டி நிற்கும். லாரியின் அடிச்சட்டமான சேசிஸை உப்பு தின்றால் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரும்பு ஏடு ஏடாக உரியும். விரலை வைத்தால் பொடி உதிரும். உளிச் சுத்தியால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடியிலிருக்கும் வெள்ளை இரும்பு வெளியே வரும்வரை சுரண்ட வேண்டும். அதுதான் சோன்பாயின் வேலை. அவள் புருஷன் பச்சாணின் வேலையும் அதுவாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்து இருவரும் ஒரே லாரிக்கடியில் ஆளுக்கொரு பக்கமாக மல்லாந்து படுத்துச் சுரண்டினார்கள். சாயங்காலம் ஒரே துருநிறத்தில் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அப்போதெல்லாம் சண்டை உண்டு, பொறாமை இல்லை.

பட்டறையின் பெயிண்டர் மஸ்கட்டுக்குப் போனான். சேட் பச்சாணைக் கூப்பிட்டு அவன் கையில் ஸ்பிரேகன்னைக் கொடுத்தார். சோன்பாயைக் கேட்பது என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை, பச்சாணுக்கும் வரவில்லை.

கன்னோடு கூடவே வேறு சிலவும் வந்தன. உட்கார ஒரு ஸ்டூல். மூக்குக்கு ஒரு மாஸ்க். அதைவிடப் பெரிதாக, பீங்கான் கோப்பையில் டீ. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் மேக்வால்கள்தான், மற்றவர்களோடு ஒரே கோப்பையில் குடிக்க விடாமல் ஊர் ஒதுக்கிவைத்த சாதி. ஆனால் கன் பிடித்த மேக்வாலுக்குப் பீங்கான், சுத்தி பிடித்த மேக்வாலுக்குப் பிளாஸ்டிக். சாதியை யாரும் மாற்ற முடியாது என்று சத்தியம் செய்கிற சேட்டே கோப்பையை மட்டும் இப்படி மாற்றிக் கொடுத்தார்.

"என்ன மிஸ்திரி, சாசர்ல ஊத்தி உறிஞ்சினாத்தான் தொண்டையில எறங்குமோ?" என்று லாரிக்கடியிலிருந்து சோன்பாய் கேட்டாள்.

"மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க."

"நேத்து வரைக்கும் இதே ஆளுங்கதான் இருந்தாங்க. நீதான் இப்படி இல்ல."

அவளுக்கு வயிறு எரிந்தது கோப்பைக்காக மட்டுமல்ல. அவள் நாள் முழுக்கத் தட்டித் தேய்த்துத் துலக்கிய இரும்பின்மேல் அவன் ஒரு மணி நேரத்தில் கருப்புப் பெயிண்டைப் பாய்ச்சுவான். எண்ணெய் வைத்த தலைமுடி போல் அது வழவழவென்று படியும். வருகிறவன் போகிறவனெல்லாம், "அடடா பச்சாண்! மொகம் பாக்கலாம் போல இருக்கே!" என்பான். அந்த முகம் பார்க்கும் இரும்பு யார் சுரண்டியது என்று ஒருவனும் கேட்கவில்லை. வீட்டில் கம்பு ரொட்லாவைப் பிய்த்து மோரில் தோய்க்கும் அவன் விரல்களில் ஒட்டியிருக்கும் கருப்புப் பெயிண்டைப் பார்த்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. தன் நகக்கண்ணில் இருப்பது துரு, அவன் நகக்கண்ணில் இருப்பது பெயிண்ட்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் நிழலுக்குப் போனபோது அவள் போய்க் கன்னை எடுத்தாள். உள்ளே பெயிண்ட் இல்லை. விசையை அழுத்தினாள். வெறும் காற்று புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"கீழ வை" என்றான் பின்னால் வந்த பச்சாண். "சேட் பாத்தா என்ன சொல்லுவாரு?"

"நீ என்ன சொல்ற?"

அவன் கன்னை வாங்கித் துணியால் துடைத்தான். அவள் விரல் பட்ட இடத்தைத் துடைத்தான்.

அன்று மத்தியானம் ஓர் உப்பு வியாபாரியின் லாரிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். முடிந்ததும் சோன்பாய் எதிரே நின்று அந்தப் பளபளப்பை வெகுநேரம் பார்த்தாள். கொப்பளிச்சுப் போகட்டும் என்று மனதுக்குள் சொன்னாள்.

கொப்பளித்தது. சில நாட்களிலேயே அந்த வியாபாரி லாரியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திச் சத்தம் போட்டார். சேசிஸ் முழுக்கச் சுட்ட அப்பளம் போல் கொப்புளம். நகத்தால் கீறினால் பெயிண்ட் பட்டையாக வந்தது.

ஏன் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். சுரண்டிய இரும்பை நல்ல தண்ணீரால் கழுவி, காயவைத்து, பிறகுதான் முதல் பூச்சு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கில் நிற்கும் உப்பு, பெயிண்டை உள்ளேயிருந்து தள்ளும். அந்த வருஷம் சேட் காசை மிச்சம்பிடிக்க நல்ல தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார். கழுவினது பட்டறைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால். எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் கருப்புக் கயிற்றுக்கும் குறை வைக்காத மனிதர், தண்ணீருக்குக் கை இழுத்துக்கொண்டார்.

ஆனால் சேட் கேட்ட கேள்வி வேறு. "யாரு கண்ணுடா பட்டுச்சு?"

பச்சாண் தரையைப் பார்த்தான். தண்ணீரைச் சொன்னால் சேட்டுக்குக் கோபம் வரும். தன் கையைச் சொன்னால் கன் போய்விடும். "அவதான் பாத்துக்கிட்டே நின்னா, சேட்" என்றான்.

இதைத்தான் நான் கேட்கிறேன்: கண்ணேறு என்று ஒன்று இருந்தால், அது எப்போதும் ஏழையின் கண்ணிலிருந்து மட்டும் ஏன் கிளம்புகிறது? முதலாளி நாள் முழுக்க எத்தனை பேரின் உழைப்பைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்! அது பட்டு யாருக்கும் ஒரு கொப்புளமும் வரவில்லையே.

சேட் தீர்ப்புச் சொன்னார். மறுநாள் காலையில் உப்பும் மிளகாயும் எடுத்து எல்லோர் முன்னாலும் சோன்பாயே லாரியைச் சுற்றிப் போட வேண்டும். இனிமேல் பெயிண்ட் அடிக்கும் நேரத்தில் பட்டறையில் இருக்கக் கூடாது. அரை நாள் வேலை, அரை நாள் கூலி.

சோன்பாய் எதிர்த்துப் பேசவில்லை. பேச முடியவில்லை, ஏனென்றால் அவள் நிஜமாகவே நினைத்திருந்தாள். நினைத்தபடியே நடந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது தன் கண்ணையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது. மாவு பிசையும்போதும் அதே நினைப்பு. பிறகு மெல்ல மெல்லத் தன் பொறாமைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அக்காவின் வெள்ளிக் காப்பு. அது இன்னும் அக்கா கையில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் காரைச் சுவர். ஒரு விரிசல் இல்லை. சேட்டின் ஏசி அறை. அந்த ஏசியை அவள் பார்த்த பார்வைக்கு அது என்றோ வெடித்திருக்க வேண்டும்.

மாவுக் கையோடு எழுந்து நின்றாள். "இங்க பாரு, என் கண்ணுக்கு அந்த சக்தி இருந்தா நாம ஏன் இன்னும் தகரக் கூரைக்கடியில இருக்கோம்?"

பச்சாண் தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்த்தான்.

மறுநாள் ஜுசப்பின் லாரி வந்திருந்தது. ஜுசப் சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர், வாய் நிறையச் சிரிப்பவர். மிளகாயோடு காத்திருந்த சேட்டிடம் சோன்பாய் சொன்னாள்: "சுத்திப் போடுறேன் சேட். அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த வண்டியோட இடது பக்கத்த நான் பாத்துக்கிட்டே இருப்பேன். வயித்தெரிச்சலோட பாப்பேன். வலது பக்கம் திரும்பக்கூட மாட்டேன். இடது பக்கம் நான் கொண்டு வர்ற நல்ல தண்ணி, வலது பக்கம் உங்க கெணத்துத் தண்ணி. எது கொப்பளிக்குதுன்னு பாப்போம்."

"என் வண்டி என்ன பரிசோதனைச் சாலையா, பாபி?" என்றார் ஜுசப். பாபி என்றால் அண்ணி.

"வலது பக்கம் வழக்கம்போல, ஜுசப் பாய். இடது பக்கம் உங்களுக்கு லாபம்."

ஜுசப் தாடியைத் தடவினார். "சரிதான். சேட், விடுங்க. கண்ணு பட்டாலும் பாதி வண்டிதானே!"

தெருக் குழாயில் பிடித்த வீட்டுத் தண்ணீரையெல்லாம் சோன்பாய் குடம் குடமாகச் சுமந்து வந்து இடது பக்கத்தைக் கழுவினாள். வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை. பச்சாண் உடம்பெல்லாம் அரிக்க அரிக்க வேலைக்கு வந்தான். அவன் அடிக்கும்போது இடது பக்கத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்தாள். அவனுடைய ஸ்டூல்தான்.

"இப்படிப் பாக்காத" என்றான்.

"எனக்கு அந்த வேல வேணும். அதான் பாக்குறேன்."

அவள் நடிக்கவில்லை. அவன் மணிக்கட்டு திரும்பும் விதம், கன்னை இரும்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறான் என்பது, எல்லாவற்றையும் அப்படியே விழுங்கிவிடுவது போலப் பார்த்தாள். உலகத்தில் எந்தக் கருப்புப் பெயிண்டும் அவ்வளவு பொறாமையை வாங்கியிருக்காது.

மழைக்கு முன்பான கடைசி நடைகளை ஓட்டிவிட்டு ஜுசப் லாரியோடு வந்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வலது பக்கம் கொப்புளம். இடது பக்கம் வழவழவென்று அப்படியே இருந்தது.

அன்றும் மிளகாயோடு வந்திருந்த சேட் அதைக் கீழே வைத்தார். "வலது பக்கம் வேற எவன் கண்ணோ" என்று முணுமுணுத்தார். ஆனால் மறுநாளே தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டார். அரை நாள் கூலி என்ற பேச்சும் நின்றது.

"அப்போ கன்ன எனக்கும் குடுங்க சேட். பாதி வண்டி அவரு, பாதி நான்."

"எனக்கு என்னம்மா? வண்டிக்காரன் ஒத்துக்கணுமே. பொம்பள அடிச்சதுன்னா எவன் தன் வண்டிய விடுவான்?"

சோன்பாய் ஜுசப்பின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க பாய். உங்க வலது பக்கத்த நான் அடிக்கட்டுமா?"

அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த ஜுசப் தன் செருப்பைப் பார்த்தார். "அடுத்த வருஷம் பாப்போம் பாபி" என்றார்.

பச்சாண் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கன்னை எடுத்தான். சோன்பாய் சுத்தியோடு லாரிக்கடியில் நுழைந்து வலது பக்கத்தைத் தட்டத் தொடங்கினாள். பொறாமை அவளை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். தன் பங்கு எங்கே என்று கேட்கிற மனசுக்கு ஊர் வைத்த கெட்ட பெயர் அது.

ஜுசப் கெட்டவரல்ல. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சேட்டுக்குச் சாக்கு இருந்திருக்காது. அந்த வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் லாரியோ, வீட்டுக் கேட்டோ, ஜன்னல் கம்பியோ பட்டறைக்குப் போகும்போது குனிந்து பாருங்கள். அடியில் ஒரு பெண் துரு சுரண்டிக்கொண்டிருந்தால், முதலாளியைக் கூப்பிட்டு, "என்னோடதுக்கு இவங்களே பெயிண்ட் அடிக்கட்டும்" என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள்.