அம்மா மறுக்காத கதை

அம்மாவுக்குப் பேச்சு போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல் தேய்த்து வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டை எடுத்துத் தரச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே குளியலறைச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். இரண்டு மாதத்தில் கால் ஓரளவு நடந்தது. வலது கை விழுந்துவிட்டது, இடது கைக்கு ஒன்றுமில்லை. பேச்சு மட்டும் போனது போனதுதான்.

பேச்சுதான் அவளுக்குப் பிழைப்பாக இருந்தது. முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அப்பா அவளை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்.

“ரேடியோ, கொஞ்சம் சத்தத்தைக் குறை.”

“நான் குறைச்சா இந்த வீட்டுல சுவர்க்கடிகாரம்தான் பேசும். உங்களுக்கு எங்க பேச வருது?”

அவர்களுக்கு ஒரே மகள். நகரப் பேருந்தில் கண்டக்டர். வாரம் முழுக்க நின்று நின்று கால் வீங்கியிருந்தாலும், லீவு நாளான புதன்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறி அவர்களைப் பார்க்க வந்துவிடுவாள். வந்தால் பழங்கதைதான். அதுவும் ஒருவர் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அப்பா ஆரம்பிப்பார், அம்மா வெட்டுவாள்.

“எக்ஸ்சேஞ்சுல குழாய் ஒழுகுதுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. மூணு தடவை போனேன். வாஷர் சரியில்ல” என்று அப்பா தொடங்குவார். அவர் குழாய் ரிப்பேர்காரர்.

“பொய்! வாஷர் நல்லாத்தான் இருந்துச்சு. போகும்போது இவரே லூசாக்கி விட்டுட்டுப் போவாரு. மூணாவது தடவை நான்தான் கேட்டேன், குழாயைப் பார்க்க வந்தீங்களா என்னைப் பார்க்க வந்தீங்களான்னு.”

“பாத்தியா, இவதான் முதல்ல கேட்டா!”

இப்படியே போகும். மகளுக்கு இருவருடைய வசனமும் மனப்பாடம்.

ஒரே ஒரு கதையில் மட்டும் அப்பா வாய் திறக்க மாட்டார். மகளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்ததால் அப்பா வெளியூரில் ஒரு தொழிற்சாலைக்குக் குழாய் பதிக்கப் போயிருந்தார். குழந்தை மாதம் முந்திப் பிறந்தது. சேதி கிடைத்தும், நாலு நாளில் வேலை முடிந்துவிடும், மொத்தமாகப் போய்விடலாம் என்று இருந்துவிட்டார். நாலு எட்டாகி, எட்டு பத்தானது. பதினோராம் நாள் குழந்தை இறந்தது. எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவர்கள் நாள் முழுக்க முயன்றும் அந்த ஊருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, கணவரைக் கூப்பிட ஒரு லைன் கிடைக்கவில்லை. அப்பா வந்து சேர்ந்தபோது அடக்கமாகி மூன்று நாள் ஆகியிருந்தது.

அம்மா இதை அழுதெல்லாம் சொல்ல மாட்டாள். “உங்கப்பா மூணாம் நாள் வந்தாரு” என்பாள். அவ்வளவுதான். அப்பா எழுந்து, ஒழுகாத குழாயைப் போய்ப் பார்ப்பார்.

பேச்சு போன பிறகு வந்த புதன்கிழமைகளில் அப்பா தனியாகவே கதை சொன்னார். சொல்லச் சொல்ல அதில் புளுகு ஏறிக்கொண்டே போனது. அம்மா தன் பின்னாலேயே ஓடி வந்தாளாம். எக்ஸ்சேஞ்சு மேலதிகாரி அப்பாவின் காலில் விழுந்தாராம். மகளுக்குக் கோபம் வந்தது. சமையலறையில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்ப்பா இப்படி அளந்து விடறீங்க? அவங்களால திருப்பிச் சொல்ல முடியாதுங்கற தைரியமா?”

அப்பா சூப் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். “கோவத்துலயாவது ஒரு வார்த்தை வராதாம்மா?”

அடுத்த வாரம் மகளே பக்கத்தில் உட்கார்ந்து “அப்புறம் என்னப்பா ஆச்சு?” என்று எடுத்துக் கொடுத்தாள். அப்பா பெரிய பொய்யாக ஒன்று விட்டார். அம்மா இடது கையால் அவர் தொடையில் பட்டென்று அடித்தாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அடிச்சா பாரு! பொய்யின்னு சொல்றா!”

அந்த அடி ஏழெட்டு மாதம் வந்தது. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. அம்மா கதை நடுவிலேயே ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு புதன்கிழமை மகளைப் பார்த்து, பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பது போல மரியாதையாகச் சிரித்தாள்.

அன்றுதான் அப்பா அதைச் செய்தார். அம்மாவுக்கு ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரேடியோ, இங்க பாரு. நம்ம பையன் போன அன்னிக்கு நான் உன் பக்கத்துலதான் இருந்தேன். என் மடியிலதான் அவன் உயிர் போச்சு.”

மகள் பதறிப் போனாள். “அப்பா! வேணாம்ப்பா!”

அம்மா இதை மட்டும் விட மாட்டாள். உயிர் போனாலும் விட மாட்டாள். இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை எழுந்தது. அப்பாவின் கைமேல் வந்து படிந்து, இரண்டு முறை தட்டிக் கொடுத்தது. அம்மா சிரித்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அப்பா சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்குப் போனார். மகள் பின்னால் போனபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தார்.

“ஒத்துக்கிட்டாம்மா. மறந்துட்டாளா, மன்னிச்சுட்டாளா, ஒண்ணும் தெரியலையே. இனிமே யார்கிட்ட போய்க் கேப்பேன்?”

மகள் பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறந்து நாற்பத்தாறு வருடத்தில் அப்பா அழுது அவள் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் கதை சொல்லவில்லை. ஊட்டினார், தலை வாரினார், நடக்க வைத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியான வேளையில், அவர் வாரிக்கொண்டிருக்கும்போதே, அம்மாவின் தலை அவர் மார்பில் சாய்ந்தது. எக்ஸ்சேஞ்சில் கூட இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சாவுக்கு வந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் வாய்விட்டு அழுதாள். மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகள் இப்போதும் புதன்கிழமை போகிறாள். அப்பாவும் அவளும் பெரும்பாலும் பேசுவதில்லை. போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகத்தான் கேட்டாள்.

“அண்ணன் பார்க்க எப்படி இருந்தான்ப்பா?”

அப்பா மடித்த சட்டையைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

“எனக்கு என்னம்மா தெரியும்? நான் அவனைப் பார்க்கவே இல்லையே. நம்ம வீட்டுல பார்த்தவ உங்கம்மா ஒருத்திதான். காது என் காது மாதிரின்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல.”