அசையாத எண்

பத்து காவான் என்ற ஊரின் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, நான் பல வருடங்களாகத் தனியாகப் பராமரித்து வந்த சின்ன நிரல் ஒன்று இருந்தது. வெப்பமானி அனுப்பும் எண்ணை வாங்கித் திரையில் காட்டும். ஓப்பன் சோர்ஸ்; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கோளாறு வந்தால் மட்டும் நிரலின் இணையப் பக்கத்தில் எழுதுவார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒருவர் எழுதினார். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. வயர் கழன்றால் உங்கள் நிரல் பிழை காட்டுவதில்லை, கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். தீவில் நான் குடியிருந்த ஜார்ஜ்டவுனிலிருந்து கடல் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வருவதிலேயே நாள் கரைந்தது. ஞாயிறு வந்ததும் துணி துவைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். இரண்டாம் வாரமும் எழுதினார். மூன்றாவது முறை ஒரே வரி: "குஞ்சு பொரிக்கும் பெட்டியில் முட்டை எல்லாம் வெந்துவிட்டது."

அதைக் கேன்டீனில் படித்தேன். அன்றே சரிசெய்துவிட நினைத்தேன். ஆனாலும் மாலையில் மீட்டிங் இருந்தது. போனேன்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அண்ணன் என்னை உற்பத்திக் கூடத்துக்கு அழைத்துப் போனார். புக்கிட் மெர்தாஜாம் ஊர்க்காரர், என்னை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். சர்க்கியூட் பலகைகளை உலர்த்தும் அடுப்பின் முன் நின்றோம். அதன் திரையின் ஓரத்தில், நான் ஆசைப்பட்டு வைத்த பச்சைக் கோடு. என் நிரல். ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுப்பைக் கவனிக்கும் அக்கா சிரித்தார். "இந்த மெஷின் ரொம்ப நல்லது லா. காலைல வந்ததுலேர்ந்து எண்பது புள்ளி நாலு. ஆடவே இல்ல."

எந்த அடுப்பின் சூடும் அப்படி நிற்காது. கதவருகே கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது. ஏதோ கருகும் வாடை.

"அக்கா, ஆஃப் பண்ணுங்க!"

"எதுக்கு மா?"

"மொதல்ல ஆஃப் பண்ணுங்க!"

பின்பக்கம் வயர் கழன்று தொங்கியது. என் நிரல் காட்டும் எண் எண்பத்தைந்தைத் தொட்டால்தான் அடுப்பு சூட்டைக் குறைக்கும். எண் நின்றுவிட்டதால் சூடு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே பலகைகள் வளைந்து பழுப்பேறிக் கிடந்தன. இன்னும் பத்து நிமிடத்தில் அக்கா கதவைத் திறந்து தட்டை எடுக்க வேண்டிய நேரம்.

சூப்பர்வைசரின் அறையில் சொன்னேன். "அண்ணே, அது நான் எழுதுனது. இந்தக் கோளாறு மூணு வாரமா எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல அண்ணே."

"சொல்லாத. ரிப்போர்ட்ல வயர் கழண்டுச்சின்னு மட்டும் எழுது. சேந்து ஒரு மாசம்கூட ஆவல மா."

அப்படியே எழுதினேன். வேலை முடிந்ததும் கார் பார்க்கிலேயே, காருக்குள் மடிக்கணினியைத் திறந்து கோளாறைச் சரிசெய்தேன். பதினோரு வரி. அவ்வளவுதான். பயன்படுத்துகிற எல்லோருக்கும் என் பெயரிலேயே எச்சரிக்கை போட்டேன். முட்டைக்காரரிடம் மன்னிப்பு கேட்டேன். அவருடைய முதல் புகார் எந்தத் தேதியில் வந்தது என்பது நிரலின் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இன்னும் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

நேற்றுத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி என் மேசைக்கு வந்தார். அந்த அடுப்பில் ஓடுவது யார் எழுதிய நிரல் என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டினார். ஆனால் உடனே போகவில்லை. என் திரையில் நிரலின் பக்கம், என் பெயரோடும் முதல் புகாரின் தேதியோடும், திறந்தே இருந்தது; அதைப் பார்த்தபடி நின்றார்.